காடுபோலத் தெரிந்ததே வினையான தோட்டம்

மழைக்காட்டை வெட்டாமல் அதன் ஓரத்தில் இருப்பவர்கள் பிழைக்க வழி உண்டா என்ற பேச்சு எழும்போதெல்லாம், யாராவது ஒருவர் சுமத்ராவின் குருயியை எடுத்து முன்னால் வைப்பார். இந்தோனேசியாவின் லாம்புங் மாகாணம், தீவின் தென்கோடியில் இந்தியப் பெருங்கடலைப் பார்த்த மேற்குக் கரை. கரையோரம் நெல் வயல், அதற்கு மேலே சரிவில் குங்கிலியத் தோப்பு, அதற்கும் மேலே புக்கிட் பாரிசான் செலாத்தான் தேசியப் பூங்காவின் காடு. தோப்பு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எல்லோரும் வியப்பது இதைத்தான். அந்த வியப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். மனிதர் நட்ட தோப்பு காடுபோலவே இருக்கிறது என்பதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள். அந்த ஒற்றுமைதான் அந்த மக்களின் உரிமையை ஏறத்தாழப் பறித்துவிட்டது என்பதையும், உரிமை பாதி திரும்பி வந்த பிறகும் தோப்பு பாதுகாப்பாகிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

மரத்தின் பெயர் ஷோரியா ஜாவானிக்கா. நம் சால மரத்துக்கு உறவு. அதன் பிசினை மலாய் மொழியில் டாமார் என்பார்கள், நமக்குக் குங்கிலியம். ஒளி ஊடுருவும் இளமஞ்சள் கட்டிகளாக வரும் இந்த வகைக்கு அங்கே 'டாமார் மாத்தா குச்சிங்', அதாவது பூனைக்கண் குங்கிலியம் என்று பெயர். தோணிப் பலகையின் இடுக்கை அடைக்க, பந்தம் கொளுத்த, பாத்திக் துணிக்கு மெழுகு காய்ச்ச என்று உள்ளூர்ப் பயன்கள் பழையவை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க வார்னிஷ் தொழிலுக்கு இது தேவைப்பட்டபோது வணிகம் பெருத்தது. அதுவரை காட்டு மரங்களிலிருந்தே எடுத்துவந்தார்கள். வாங்க ஆள் பெருகப் பெருக மரங்கள் தாங்கவில்லை, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டில் கிடைப்பது அருகியது. உலகில் பல இடங்களில் கதை இத்துடன் முடிந்திருக்கிறது. குருயிக்காரர்கள் மரத்தை நடத் தொடங்கினார்கள். 1930களில் அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போன டச்சு வனத்துறைக்காரர், ஏறக்குறைய ஐம்பது வயதான நட்ட மரங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். இப்படி நட்டு உருவாக்கிய தோப்புக்கு 'ரெபோங்' என்று பெயர்.

விதை காத்திருக்காது

நட்டார்கள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம், அது லேசான காரியம் இல்லை. ஷோரியாவும் சாலமும் சேர்ந்த டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, திடீரென ஓர் ஆண்டு பகுதி முழுக்கச் சேர்ந்து காய்த்துக் கொட்டும். சிறகு வைத்த அந்த விதைக்கு உறக்க காலம் கிடையாது. விழுந்த சில நாளில் முளைக்கும், முளைக்க ஈரம் கிடைக்காவிட்டால் சில வாரங்களில் செத்துப்போகும். நெல்லைப்போல உலர்த்திக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. உலர்த்துவதே அதைக் கொல்லும் வழி, குளிரில் வைத்தாலும் அதே கதிதான். டிப்டெரோகார்ப் மரங்களைப் பெரிய அளவில் நட்டு வளர்ப்பது கடினம் என்று வனவியலாளர்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இது முதல் காரணம். நட வேண்டிய ஆண்டில் விதை இருக்காது, விதை இருக்கும் ஆண்டில் நடுவதற்கு நிலம் தயாராக இருக்காது.

குருயியில் இதற்குக் கண்ட வழி, விதையைச் சேமிப்பதை விட்டுவிட்டு நாற்றைச் சேமிப்பது. காய்ப்பு ஆண்டில் தாய்மரத்தடியில் விழுந்த விதையையும் அப்போதுதான் முளைத்த கன்றையும் பொறுக்கி, நிழலுள்ள சிறு துண்டு நிலத்தில் நெருக்கமாக நட்டு வைத்துவிடுகிறார்கள். நிழலும் நெருக்கமும் சேர்ந்தால் கன்று சாகவும் செய்யாது, வளரவும் செய்யாது. சில இலைகளோடு முழங்கால் உயரத்துக்குள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இயற்கைக் காட்டின் தரையிலும் இந்தக் கன்றுகள் செய்வது இதைத்தான்: மேலே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழும்வரை காத்துக் கிடப்பது. அந்தக் குணத்தைக் களஞ்சியமாக்கிவிட்டார்கள். அடுத்த காய்ப்பு எப்போது வந்தாலும் வரட்டும், கையில் கன்று இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு, வேலியடைத்த சிறு பாத்தி.

இதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நன்மையும் உண்டு. இந்த மரங்களின் வேர்நுனியில் ஒருவகைப் பூஞ்சை உறைபோலப் படிந்து வாழும். மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சிக் கொடுப்பதில் பெரும்பங்கு அதனுடையது. அது இல்லாத மண்ணில் கன்று வெளிறி நின்றுவிடும். பழைய தோப்பின் நிழலில், அந்த மண்ணிலேயே நாற்றங்கால் போட்டால் பூஞ்சை தானாக ஒட்டிக்கொள்ளும், கன்றை வேர்மண்ணோடு பெயர்த்துக் கொண்டுபோனால் புதிய நிலத்துக்கும் அது கூடவே போகும். ஊரிலிருந்து தொலைவாக, வெறும் மண்ணில் பை நிரப்பி வளர்த்த கன்றுகள் நட்ட இடத்தில் ஏன் தேங்கி நிற்கின்றன என்ற கேள்விக்கும் விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

நடும் முறை இன்னும் நயமானது. சங்கப் பாட்டில் வரும் 'புனம்' என்ற சொல்லே இதற்குப் பொருத்தம். வெட்டி, உலரவிட்டு, எரித்து, முதல் ஓரிரு ஆண்டு மலைநெல். நெல்லுக்கு ஊடாகவே காப்பிக் கன்று. காப்பி ஓரளவு தழைத்ததும் அதன் நிழலில் குங்கிலியக் கன்று. பல இடங்களில் கல்யாண முருங்கை நட்டு அதில் மிளகும் ஏற்றுவார்கள். காப்பி மூன்றாம் நான்காம் ஆண்டில் காய்க்கத் தொடங்கி ஏழெட்டு ஆண்டு வரை பலன் தரும், மிளகு அதற்கும் மேலே சில ஆண்டு. இவ்வளவு காலமும் களையெடுப்பது காப்பிக்காக. கூடவே குங்கிலியக் கன்றுக்கும் களை நீங்கிவிடுகிறது. அதாவது மரத்தை வளர்க்கத் தனிக் கூலி கிடையாது. கன்றைக் காப்பி இல்லாத வெட்டவெளியில் நட்டால் வெயிலில் இலை கருகும். காப்பி அடர்ந்து மூடிய பிறகு தாமதமாக நட்டால் நாற்றங்காலில் நின்றதுபோலவே நின்றுவிடும். இடையில் இருக்கும் அந்த ஓரிரு ஆண்டு தவறினால், களையெடுக்கும் கைகள் நிலத்தை விட்டுப் போவதற்குள் கன்று தலைதூக்க முடியாது. டுரியான், டுக்கு, மங்குஸ்தான் போன்ற பழமரங்களும், கொட்டையை உண்ணும் பெத்தாயும் இந்தக் கட்டத்திலேயே அங்கங்கே ஊன்றப்படும். காப்பியும் மிளகும் ஓய்ந்ததும் நிலத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வெளியாருக்கு அது கைவிட்ட நிலம். உள்ளே மரம் பருத்துக்கொண்டிருக்கும். பிசின் எடுக்க 20 முதல் 25 ஆண்டு ஆகும்.

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பது நம் பழமொழி. குருயிக்காரர் ஒரே குழியடியில் தென்னையையும் பனையையும் வைத்தவர்: காப்பியைத் தின்றுகொண்டே குங்கிலியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

துளையே படிக்கட்டு

இந்த மரத்தின் பிசின் நாளங்கள் கட்டைக்குள் ஓடுகின்றன. ரப்பருக்குச் செய்வதுபோலப் பட்டையைச் சீவினால் போதாது, கட்டை வரை வெட்ட வேண்டும். சிறு கோடரியால் முக்கோணமாகத் துளை போடுவார்கள். தொடக்கத்தில் சில சென்டிமீட்டர் அகலம்தான். ஒவ்வொரு அறுவடையின்போதும் உட்பரப்பை லேசாகச் சீவிப் புதுப்பிப்பதால் ஆண்டுகள் போகப்போக விளிம்பு உருண்டு, ஆழம் 15, 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். துளைகள் கீழிருந்து மேலாக ஒரே வரிசையில் போகும். வளர்ந்த மரத்தில் அடிமரத்தைச் சுற்றி நான்கைந்து வரிசை, ஒவ்வொன்றிலும் பத்துத் துளை அளவில். கீழ்த்துளைகளுக்குத் தரையில் நின்றபடியே கை எட்டும். மேலே போக, மரத்தையும் இடுப்பையும் சேர்த்துப் பிரம்பு வாரால் வளைத்துக் கட்டிக்கொண்டு, பழைய துளைகளிலேயே கால் வைத்து ஏறுவார்கள். பிசின் எடுத்த துளையே படிக்கட்டு.

ஊறிய பிசினை ஈரமாக இருக்கும்போது எடுப்பதில்லை. துளைக்குள்ளேயே காய்ந்து கட்டியான பிறகுதான் பெயர்த்துக் கூடையில் தட்டுவார்கள். தோப்பு அருகில் இருந்தால் வாரத்துக்கு ஒரு முறைகூடப் போவதுண்டு, தொலைவாக இருந்தால் மாதத்துக்கு ஒரு முறை. கெடுவது இங்கேதான். பணமுடை வந்தால் அடிக்கடி போகத் தோன்றும். முற்றாத பிசின் ஒட்டும், மண்ணும் பட்டைத்தூளும் அதில் ஏறும், தரம் இறங்கும். தரம் இறங்கினால் விலை இறங்கும், விலை இறங்கினால் இன்னும் அடிக்கடி சீவத் தோன்றும். தேவைக்கு மேல் சீவிய துளை விரைவில் ஆழமாகி, நீர் தேங்கி, உள்ளே பூஞ்சை புகும். பல துளைகள் அருகருகே அப்படிப் போனால் காற்றில் மரம் முறியும் இடம் அதுதான். குத்தகைக்கும் அடகுக்கும் போன மரங்களில் இந்த ஆபத்து கூடுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூன்றாண்டு அடகு பிடித்தவருக்கு முப்பதாம் ஆண்டைப் பற்றி என்ன கவலை? பெரிய தெளிந்த கட்டிகளைப் பிரித்துத் தரவாரியாக விற்றால் நல்ல விலை. பிரிக்காமல் வந்தது வந்தபடி விற்பதை 'அசலான்' என்பார்கள். நம் 'அசல்' என்ற சொல்லின் உறவினர்தான் அதுவும், இரண்டும் அரபியிலிருந்து வந்தவை.

ஒரு ரெபோங்கில் மரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குங்கிலியம். மிச்சம் பழமரங்களும், தாமாக முளைத்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடப்பட்ட காட்டு மரங்களும். மேல் விதானம் 35 மீட்டருக்கு மேல் போகும். மொத்தமாக வெட்டி மறுபடி நடும் பழக்கம் இங்கே கிடையாது. ஒரு மரம் தளர்கிறது என்று தெரிந்ததும் அதன் பக்கத்தில் நாற்றங்கால் கன்று இரண்டு மூன்றை ஊன்றிவிடுவார்கள். கிழ மரம் சாயும்போது இளையது ஒன்று தயாராக நிற்கும். பிசின் மாதச் செலவுக்கு, டுரியான் காய்க்கும் ஆண்டில் கூடுதல் பணம், மற்ற பழமும் கீரையும் விறகும் வீட்டுக்கு, விழுந்த மரம் வீடு கட்ட.

35 ஆண்டும் 20 ஆண்டும்

மரவெட்டுக்கு இது மாற்றா என்று கேட்பதற்கு முன், எதற்கு மாற்று என்று பார்க்க வேண்டும். 1967இல் வந்த வனச்சட்டத்துக்குப் பிறகு இந்தோனேசியாவில் ஜாவாவுக்கு வெளியே உள்ள தீவுகளில் பெருநிறுவனங்களுக்கு வெட்டுரிமை வழங்கப்பட்டது. 1972இன் 'தேர்ந்தெடுத்து வெட்டும் முறை'ப்படி 50 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரங்களை வெட்டலாம், பிறகு 35 ஆண்டு அந்த இடத்தைத் தொடக்கூடாது. காகிதத்தில் நல்ல கணக்கு. ஆனால் உரிமத்தின் காலம் 20 ஆண்டு. 35ஆம் ஆண்டில் வெட்ட வேண்டிய மரத்தை, 20ஆம் ஆண்டில் வீட்டுக்குப் போகப்போகிறவர் எதற்காகக் காப்பாற்றுவார்? வெட்டிய மரம் விழும்போதும் இழுத்துச் செல்லும்போதும் மிஞ்சியவற்றில் பாதி வரை அடிபடுவது தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பதிவான செய்தி. போதாக்குறைக்கு, வெட்டத் தகுந்த பெரிய மரங்கள்தான் அந்தக் காட்டின் விதைமரங்கள். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை காய்ப்பவை, அடுத்த காய்ப்புக்கு முன்பே லாரியில் ஏறிவிட்டால், தரையில் காத்துக் கிடக்கக் கன்றே இருக்காது.

குருயியில் மரம் யாருடையது என்பது வழக்காற்றில் தெளிவு. 'மர்கா' என்ற 16 குல நிலப்பிரிவுகள். நட்டவருக்கு உரிமை. தோப்பு மூத்த மகனுக்குப் போகும், அவர் அதைத் தனக்கென்று இல்லாமல் குடும்பத்துக்காக வைத்திருப்பார். விற்பது மானக்கேடு, அடகு வைக்கலாம். 25 ஆண்டு காத்திருப்பதற்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான். காட்டின் மேல் தனி அன்பு என்றெல்லாம் கவிதையாக்கத் தேவையில்லை. பலனை எடுக்க மகன் அங்கே இருப்பான், மகனிடமிருந்து யாரும் பிடுங்க மாட்டார்கள் என்ற உறுதி. உரிமம் பெற்ற நிறுவனத்திடம் இல்லாதது அது ஒன்றே.

அந்த உறுதியைத்தான் வரைபடம் குலைத்தது. 1980களில் அரசு வன எல்லைகளை வரைந்தபோது, மேலிருந்து பார்த்தால் காடாகத் தெரிந்தது எல்லாம் காடு என்று நிறம் பெற்றது. ரெபோங்கின் பெரும்பகுதி அரசு வனத்துக்குள் விழுந்தது. தென்னையோ ரப்பரோ வரிசையாக நட்டிருந்தால் அது தோட்டம் என்று யாருக்கும் புரிந்திருக்கும். வரிசையில்லாமல், பல வயதில், பல இனத்தில், காடு எப்படித் தன்னைப் புதுப்பிக்குமோ அப்படியே செய்ததால் 'இயற்கைக் காடு' ஆகிவிட்டது. நட்டவர்களின் பேரன்கள் சொந்த மரத்தடியில் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். அவர்கள் நட்ட மரங்களே வெட்டத்தக்க இருப்பாகக் கணக்கில் ஏறி, வெட்டுரிமைப் பகுதிக்குள் வந்தன. 1990களில் தெற்கே எண்ணெய்ப்பனைத் தோட்டமும் தோப்புகளை நெருக்கியது. இன்னும் கொஞ்சம் மோசமான விவசாயிகளாக இருந்திருந்தால் இவர்களுக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. எனக்குச் செரிக்காதது இந்த இடம்தான்.

ஊர்ப் பெரியவர்கள், உள்ளூர் அமைப்புகள், ஷெனவியேவ் மிஷோன், ஹ்யூபர் தெ ஃபொரெஸ்தா போன்ற ஆய்வாளர்கள் எல்லாம் சேர்ந்து பல ஆண்டு சொன்னது ஒரே விஷயம்: இது நட்டது. அதை மெய்ப்பிக்க மரத்தின் வயது, துளை வரிசை, நாற்றங்கால், பரம்பரை உரிமைகளின் வரைபடம் எல்லாம் தேவைப்பட்டன. 1997இல் குருயி மக்களுக்குச் சுற்றுச்சூழலுக்கான கல்பதரு விருதை அரசு கொடுத்தது. கேட்டதைக் கொடுக்கும் மரத்தின் பெயரில் விருது, ஆனால் கேட்டது நில உரிமை. 1998 ஜனவரியில், சுகார்த்தோ ஆட்சி கவிழ நான்கு மாதம் இருக்கும்போது, வன அமைச்சர் ஜமாலுதீன் சூர்யோஹாதிகுசுமோ ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். சுமார் 29,000 ஹெக்டேர் 'சிறப்பு நோக்கப் பகுதி'. மரபுவழிச் சமூகமே தோப்பை நிர்வகிக்கலாம், பிசின் எடுக்கலாம், தாங்கள் நட்ட மரத்தை வெட்டவும் செய்யலாம், கால வரம்பு கிடையாது. அரசு வனத்துக்குள் ஒரு சமூகத்தின் முறையை அரசே ஒப்புக்கொண்டது அங்கே புதிது. ஆனால் மண் அரசின் மண்ணாகவே நீடித்தது. மரம் உன்னுடையது, அது நிற்கும் இடம் என்னுடையது என்ற ஏற்பாடு. மரபுவழிக் காடு அரசுக் காடு அல்ல என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொல்ல 2013 மே மாதம் வரை ஆனது. அதற்குப் பிறகும் அந்த உரிமை கைக்கு வர, இன்ன சமூகம் மரபுவழிச் சமூகம் என்று உள்ளாட்சி முதலில் விதி இயற்ற வேண்டும்.

வெட்டுபவர் யார்

வெளியாள் வெட்ட வருவது குறைந்த பின் கேட்கத் தொடங்கிய ரம்பச் சத்தம் உள்ளிருந்து வந்தது. செயற்கைப் பிசின் வந்த நாளிலிருந்தே குங்கிலியச் சந்தை பழைய செல்வாக்கில் இல்லை. பலகைக்கோ விலை ஏறியது. சுற்றிலும் இயற்கைக் காட்டு மரம் தீரத்தீர, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஷோரியா ஜாவானிக்காவைத் தேடி அறுப்புக்காரர்கள் தோப்புக்கு வந்தார்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவம், கல்யாணம் என்று ஒரே நாளில் பெரும்பணம் தேவைப்படும் வீட்டில், மாதாமாதம் கொஞ்சம் தரும் மரத்தை மொத்தமாகப் பணமாக்குவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். விற்பது மானக்கேடு என்ற கட்டு நிலத்துக்குத்தான் இறுக்கமாக இருந்தது, மரத்துக்கு அந்த அளவு இல்லை. வெட்டிய இடத்தில் எண்ணெய்ப்பனை நட்டால் மூன்று நான்கு ஆண்டில் குலை. சுமத்ராவின் இன்னொரு மாகாணமான ஜாம்பியின் ரப்பர்க் காடுகளுக்கு நடந்ததும் இதுவே.

ஆகவே 'மாற்று' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பிடிக்க வேண்டும். ரெபோங் இயற்கைக் காட்டுக்கு ஈடு இல்லை. சியாமங் குரங்கு அங்கே கூவும், தரையில் பெரணி அடரும், ஆனால் பறவைக் கணக்கெடுப்பில் பெரிய பழந்தின்னிகளும் காட்டின் உட்பகுதியை விட்டு வெளியே வராத பூச்சியுண்ணிகளும் குறைவு. மேலே தேசியப் பூங்கா இல்லாவிட்டால் கீழே தோப்பின் வளமும் இந்த அளவு இராது. ஒற்றை மரத்தின் ஒற்றைச் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு நிற்பது இன்னொரு பலவீனம். மேற்குக் கலிமந்தானில் தாயக் மக்களின் 'தெம்பாவாங்' தோப்புகள் டுரியான், கொழுப்பெண்ணெய் தரும் தெங்காவாங் கொட்டை, பழம், கட்டை என்று பரவி நிற்பவை. ஒன்றின் விலை சரிந்தால் எல்லாம் ஆட்டம் காண்பதில்லை. ஆனால் மரவெட்டோடு ஒப்பிட்டால் ரெபோங்குக்குப் போட்டியே கிடையாது. ஒன்று 35 ஆண்டுக்கு ஒரு தடவை பலன் தருவதாக வாக்குக் கொடுத்து, முதல் தடவையோடு போய்விடுவது. மற்றது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாதாமாதம் கூலி கொடுத்தது.

இப்போது ஒரு ரெபோங் நீடிக்குமா என்று பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து விதானத்தைத்தான் பார்க்கிறார்கள். விதானம் ஐம்பது ஆண்டுக்கு முன்பு எடுத்த முடிவு. பார்க்க வேண்டியவை கீழே இருக்கின்றன. பிசின் எடுக்கும் பருவத்து மரங்களுக்கு நடுவே தொடை பருமனில் இளமரங்கள் உண்டா? துளைகளின் உள்விளிம்பு புதிதாகச் சீவப்பட்டிருக்கிறதா, பாசி படிந்து கிடக்கிறதா? வெட்டிய அடிக்கட்டையின் பக்கத்தில் கன்று ஊன்றியிருக்கிறார்களா? ஊர் எல்லையில், நிழலில், வேலிக்குள் அந்தச் சிறிய பாத்தி இன்னும் இருக்கிறதா, அதில் கடந்த காய்ப்பு ஆண்டின் கன்றுகள் முழங்கால் உயரத்தில் நிற்கின்றனவா?